வெள்ளிக்கோலை ஏந்தி முன்னால் போகிறவர் யார்?

அக்காவின் பட்டமளிப்பு விழாவுக்குப் பாட்டியும் வந்திருந்தார். மண்டபத்துக்குள் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அப்பாவும் அம்மாவும் உள்ளே போய்விட்டார்கள். நானும் பாட்டியும் வெளியே போட்டிருந்த கூடாரத்தில், பெரிய திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

இசை தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். அங்கியும் தொப்பியும் அணிந்த ஒருவர், இரண்டு கைகளாலும் ஒரு வெள்ளிக்கோலைத் தாங்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். அவருக்குப் பின்னால்தான் பேராசிரியர்கள், துணைவேந்தர், வேந்தர் எல்லாரும் வந்தார்கள்.

பாட்டி என் கையைத் தட்டினார். “ஏய்யா, அந்த வெள்ளிக் கட்டையைத் தூக்கிக்கிட்டு முன்னால போறாரே, அவருதான் ராஜாவா?”

“இல்ல பாட்டி. அவரு சும்மா தூக்கிக்கிட்டுப் போறவரு. ராஜா பின்னால வர்றாரு.”

“சும்மா தூக்கறவரு எதுக்குய்யா முன்னால போறாரு?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் என்று பெயர். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய பாட்டி கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. “அது ஒரு சம்பிரதாயம் பாட்டி” என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதோடு அந்தக் கேள்வியை மறந்திருப்பேன். அடுத்த பருவத்தில் நடந்த ஒன்றுதான் அதை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தது.

என் வகுப்புத் தோழி ஒருவருக்கு ஒரு பாடத்தில் மதிப்பெண் மிகவும் குறைந்துவிட்டது. எங்கோ கூட்டலில் பிழை நடந்திருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். மறுபரிசீலனைக்கு இரண்டு வாரத்துக்குள் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு இருந்தது. நான் வகுப்புப் பிரதிநிதி. என்னிடம் வந்து கேட்டார். “பதிவாளர் எல்லாம் பெரிய ஆளுங்க. நாம போய் நின்னா என்ன நினைப்பாங்க?” நானும், “விடு, விரிவுரையாளருக்குக் கோபம் வந்தா இன்னும் சிக்கல். அடுத்த பருவத்துல பார்த்துக்கலாம்” என்றேன்.

இரண்டு வாரம் போனது. அவர் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தார். கல்விக் கடனில் படிக்கிறவர். படிப்பு ஒரு பருவம் நீண்டது. கடனும் அதற்கேற்பக் கூடியது. பின்பு வேறு வேலையாக நான் அதே அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த அக்கா புன்னகையோடு என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த விண்ணப்பப் படிவம் அவருடைய மேசை மீதே அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஐந்து நிமிட வேலை.

எங்களை யாரும் தடுக்கவில்லை. எங்களைத் தடுத்தது ஒரு பதவியின் பெயர். அன்றிரவுதான் பாட்டியின் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினேன். இந்தப் பதவிகளெல்லாம் எங்கிருந்து வந்தன? இவற்றை முதலில் வகித்தவர்கள் யார்? தேடியதில் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

மாணவர் தலைவராக இருந்த காலம்

ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று சொல்லப்படுவது இத்தாலியிலுள்ள பொலோனியா. அதன் தொடக்கமாக மரபில் குறிக்கப்படும் ஆண்டு 1088. சட்டம் படிப்பதற்காகப் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் அங்கே வந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இருந்த உரிமைகள் இந்த வெளியூர் மாணவர்களுக்கு இல்லை. யாரோ ஒருவர் பட்ட கடனுக்காக அவருடைய நாட்டைச் சேர்ந்த இன்னொரு மாணவரைப் பிடிக்கும் வழக்கம்கூட இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா அதைத் தடைசெய்து ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது.

தனியாக நின்றால் நசுக்கப்படுவோம் என்று தெரிந்த மாணவர்கள் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்துக்கு லத்தீனில் ‘யூனிவர்சிடாஸ்’ என்று பெயர். தச்சர்களும் வணிகர்களும் அமைத்த சங்கங்களுக்கும் அதே சொல்தான். இன்று நாம் பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. அந்தச் சொல் முதலில் கட்டடத்தைக் குறிக்கவில்லை. கூடி நின்ற மனிதர்களைக் குறித்தது.

அந்தச் சங்கத்தின் தலைவர் ‘ரெக்டர்’. பொலோனியாவில் ரெக்டர் ஒரு மாணவர். மாணவர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சட்டம் ஐந்து ஆண்டு படித்திருக்க வேண்டும், வயது 24 நிறைந்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. பேராசிரியர்கள் இந்த மாணவத் தலைவருக்குக் கீழ்ப்படிவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். மணி அடித்த பிறகு வகுப்புக்கு வந்தால் பேராசிரியருக்கு அபராதம். மணி அடித்த பிறகும் பாடத்தை இழுத்தால் அதற்கும் அபராதம். கடினமான பகுதியைத் தாண்டிப் போனாலும் அபராதம். ஒரு நாள் ஊரைவிட்டுப் போவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். வகுப்பில் ஐந்து பேர்கூடச் சேரவில்லை என்றால் அவர் அன்று வரவில்லை என்றே கணக்கு!

படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது. ஆனால் இதை அப்படியே நாம் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர்களைக் கண்காணித்துப் புகார் சொல்வதற்கென்றே மாணவர்கள் சிலரை நியமித்திருந்தார்கள். அப்படி ஒரு வகுப்பில் எந்த ஆசிரியராலும் நிம்மதியாகப் பாடம் நடத்த முடியாது. என்னைக் கவர்ந்தது வேறொன்று. ரெக்டரின் பதவிக்காலம் முடிந்ததும் அவர் என்ன செய்தார், எப்படி நடந்துகொண்டார் என்று சங்கம் விசாரித்தது. பதவியில் இருந்தவர் இறங்கும்போது கணக்குச் சொல்ல வேண்டும்.

இந்த மாணவர் ஆட்சி ஏன் நிலைக்கவில்லை? காரணம் பணம். தொடக்கத்தில் பேராசிரியர்களுக்கு ஊதியம் கொடுத்தவர்கள் மாணவர்கள். பின்பு நகர ஆட்சி ஊதியம் கொடுக்கத் தொடங்கியது. ஊதியம் கொடுக்கும் கை மாறியதும் அதிகாரமும் மாறியது. ரெக்டர் பதவியின் பெயர் மட்டும் நெடுநாள் இருந்தது. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பதவியைப் புரிந்துகொள்ள அதன் பெயரைப் பார்த்தால் போதாது. யார் நியமிக்கிறார்கள், யார் ஊதியம் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பாட்டியின் கேள்விக்கு விடை

கோல் ஏந்தியவரும் அந்தச் சங்கத்திலிருந்து வந்தவர்தான். அவருக்கு ‘பெடல்’ என்று பெயர். பொலோனியாவில் இரண்டு வகைப் பெடல்கள் இருந்தார்கள். பொதுப் பெடல், பள்ளிக்குப் பள்ளி போய் அறிவிப்புகளை வாசிப்பார். எந்தப் பேராசிரியர் எந்தப் பாடத்தை எப்போது தொடங்குகிறார், எந்தப் புத்தகம் விற்பனைக்கு இருக்கிறது என்பதெல்லாம் அவர் வாயால்தான் மாணவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பெடல் ஒவ்வொரு பேராசிரியருக்கும் தனியாக இருந்தவர். வகுப்பறைக் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. மாதம் இரண்டு முறை அறையைப் பெருக்குவார். குளிர்காலத்தில் தரையில் வைக்கோல் பரப்புவார். பேராசிரியரின் புத்தகங்களைச் சுமந்து வருவார். மாணவர்கள் அவருக்குக் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுப்பார்கள்.

ஊர்வலத்தில் அவர் ஏன் முன்னால் போனார்? நெரிசலான தெருவில் வழி ஏற்படுத்த ஒருவர் வேண்டும். ‘பல்கலைக்கழகம் வருகிறது’ என்று ஊருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் கையிலிருந்த கோல்தான் காலப்போக்கில் வெள்ளியாகவும் தங்க முலாமாகவும் மாறியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 15ஆம் நூற்றாண்டில் செய்த மூன்று கோல்கள் இன்னும் இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் பெடல் பதவி இன்றும் உண்டு. நம் மலேசியாவில் ‘சோக்மார்’ என்று அழைக்கும் கோலும் அந்த வழியில் வந்ததுதான்.

இதே பெடல் என்ற சொல் ஐரோப்பாவில் ஊருக்கு ஒரு விதமாக வாழ்கிறது. இத்தாலியில் ‘பிடெல்லோ’ என்றால் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பாதுகாப்பவர். இங்கிலாந்தில் வெள்ளிக்கோல் ஏந்துபவர். ஜெர்மனியில் ‘பெடெல்’ ஒரு காலத்தில் மாணவர்களுக்குச் சிம்ம சொப்பனம். அங்கே பல்கலைக்கழகத்துக்கென்றே தனிச் சிறைகள் இருந்தன. குடித்துக் கூச்சல் போட்டால், இரவு அமைதியைக் கெடுத்தால் பிடித்து உள்ளே வைப்பார்கள். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் சிறை 1914 வரை பயன்பாட்டில் இருந்தது. உள்ளே அடைபட்ட மாணவர்கள் சுவர் முழுக்கத் தங்கள் உருவங்களை வரைந்து வைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

ஒரே பதவி ஓரிடத்தில் துடைப்பம் பிடித்தது, ஓரிடத்தில் வெள்ளிக்கோல் பிடித்தது, ஓரிடத்தில் மாணவனின் சட்டைக் காலரைப் பிடித்தது. பாட்டிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: ‘முன்னால் போகிறவர் ராஜா இல்லை பாட்டி. கதவு திறந்தவர், பெருக்கியவர், சேதி சொன்னவர். அவருடைய வேலையால்தான் அவர் முன்னால் போகிறார்.’

‘வேந்தர்’ என்று நாம் வைத்த பெயர்

இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் நாம் ‘சான்சலர்’ என்பதை ‘வேந்தர்’ என்கிறோம். வேந்தர் என்றால் அரசர். கோலைச் ‘செங்கோல்’ என்கிறோம், அதுவும் அரசருடையது. ‘பட்டம்’ என்பதே அரசர் நெற்றியில் கட்டியது. அழகான சொற்கள்தான். ஆனால் இவற்றைக் கேட்கும்போதே நம் மனத்தில் ஓர் அரண்மனை எழுகிறது.

மூலச் சொற்களோ அத்தனையும் வேலையின் பெயர்கள். ‘சான்சலர்’ லத்தீனில் ‘கான்செல்லாரியஸ்’. ரோமானிய நீதிமன்றத்தில் கம்பித் தடுப்பின் பக்கத்தில் நின்ற பணியாளருக்கு அந்தப் பெயர். ‘டீன்’ என்றால் பத்துப் பேருக்குத் தலைவர். ‘ரெக்டர்’ என்றால் வழிநடத்துபவர். ‘புரொக்டர்’ என்றால் பிறருக்காகக் காரியம் பார்ப்பவர். ‘ரிஜிஸ்ட்ரார்’ ஏடு எழுதிக் காப்பவர். ‘டிகிரி’ என்பது ஒரு படிக்கட்டு.

மொழிபெயர்ப்பை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் பல பல்கலைக்கழகங்களுக்கு மாநில ஆட்சியாளர்களே வேந்தர்களாக இருப்பதால் இங்கே அந்தச் சொல் பொருந்தவும் செய்கிறது. ஆனால் பதிவாளர் அலுவலக வாசலில் என் தோழியையும் என்னையும் தயங்க வைத்தது அந்த அரண்மனை எண்ணம்தான். ஏடு எழுதுபவரிடம் போய் ஏட்டைத் திருத்தக் கேட்பதற்கு எதற்குப் பயம்?

வேந்தரிடம் கேள்வி கேட்டவர்கள்

அந்தக் காலத்தவர்களும் பயந்துதான் வாழ்ந்தார்கள் என்று நினைக்காதீர்கள். பாரிஸில் படிப்பை முடித்தவருக்குக் கற்பிக்கும் உரிமம் கொடுக்கும் அதிகாரம் நோத்ர தாம் தேவாலயத்தின் சான்சலரிடம் இருந்தது. உரிமம் கொடுக்கப் பணம் கேட்கும் வழக்கம் பரவியபோது, 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சபை அதைத் தடைசெய்தது. தகுதி உள்ளவருக்கு உரிமத்தை மறுக்கவும் கூடாது என்றது.

1229இல் பாரிஸில் ஒரு திருவிழாவின்போது கலவரம் மூண்டது. அதை அடக்க வந்த காவலர்கள் மாணவர்கள் சிலரைக் கொன்றார்கள். ஆசிரியர்கள் வகுப்புகளை நிறுத்தினார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் நகரத்தைவிட்டே வெளியேறினார்கள். இரண்டு ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. 1231இல் போப் ஒன்பதாம் கிரகரி ஓர் ஆணை வெளியிட்டார். உரிமம் கொடுப்பதற்கு முன் சான்சலர் ஆசிரியர்களைக் கலந்து பேச வேண்டும். நேர்மையாக நடப்பதாக அவர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அநீதி நடந்தால் வகுப்புகளை நிறுத்தும் உரிமை ஆசிரியர்களுக்கு உண்டு. இவ்வளவும் அந்த ஆணையில் இருந்தன.

பாரிஸில் ரெக்டரைக் கலைப்புல ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருடைய பதவிக்காலம் மூன்றே மாதம். நாற்காலியில் சூடு ஏறுவதற்குள் இறங்க வேண்டும்!

இங்கிலாந்தில் கதை வேறு. ஆக்ஸ்ஃபர்டில் சான்சலர் முதலில் அங்கேயே வாழ்ந்த ஆசிரியர்தான். பிற்காலத்தில் அரசவையில் செல்வாக்குள்ள பெரிய மனிதர்களை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் ஊரில் இருப்பதில்லை. அதனால் அன்றாட நிர்வாகம் அவருடைய பிரதிநிதியின் கைக்கு வந்தது. அவர்தான் ‘வைஸ் சான்சலர்’, நம் துணைவேந்தர். ‘துணை’ என்று பெயர் இருந்தும் முழு நிர்வாகத்தையும் அவர் நடத்துவது ஏன் என்று பள்ளியில் நான் குழம்பியதுண்டு. அதற்கு விடை இந்த வரலாற்றில் இருக்கிறது.

1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது இந்த பிரிட்டிஷ் முறைதான் நம்மிடம் வந்தது. முதல் வேந்தர் மால்கம் மெக்டொனால்ட். இன்று கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகமும் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. சிங்கப்பூர் அதிபரே அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தின் வேந்தர்.

கோலைத் தட்டினால் பேராசிரியரும் நிறுத்த வேண்டும்

சடங்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது நெதர்லாந்தில் நடப்பது. அங்கே முனைவர் பட்ட ஆய்வாளர், கறுப்பு அங்கி அணிந்த பேராசிரியர்களின் கேள்விகளுக்கு எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்ல வேண்டும். சரியாக 45 நிமிடம் முடிந்ததும் பெடல் உள்ளே வருவார். கையிலுள்ள கோலைத் தரையில் தட்டி, ‘ஹோரா எஸ்ட்’ என்பார். லத்தீனில் ‘நேரம் ஆகிவிட்டது’ என்று பொருள்.

அவ்வளவுதான். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் பாதிக் கேள்வியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். ஆய்வாளர் பாதிப் பதிலில் இருந்தாலும் நிறுத்தலாம். அந்த அறையில் இருப்பவர்களில் ஆய்வு எதுவும் செய்யாத அலுவலர் ஒருவர், எல்லாருக்கும் பொதுவான ஒரு விதியை நிறைவேற்றுகிறார். மாணவரைக் காப்பாற்றுவது பேராசிரியரின் கருணை அன்று, கடிகாரமும் விதியும். ஒரு நல்ல நிர்வாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிமையான படம் எனக்குத் தெரியவில்லை.

ஆக்ஸ்ஃபர்டில் இன்னொரு பழைய வழக்கம். பட்டம் கொடுப்பதற்கு முன் புரொக்டர் மண்டபத்தில் மேலும் கீழும் நடப்பார். அந்த மாணவர் மீது யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் புரொக்டரின் அங்கியைப் பிடித்து இழுக்கலாம். கடனை அடைக்காத மாணவர் பட்டம் வாங்குவதை ஊர்க் கடைக்காரர்கள்கூட இப்படித் தடுக்கலாம் என்பார்கள். தேர்வில் தோற்றவரை ஆங்கிலத்தில் ‘பிளக்ட்’, அதாவது ‘இழுபட்டவர்’ என்று சொல்லும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துச் சொல்வதுண்டு. எவ்வளவு பெரிய விழா என்றாலும், ஒரு சாதாரண மனிதர் கை நீட்டிக் ‘கொஞ்சம் நில்லுங்கள்’ என்று சொல்ல அதில் ஓர் இடம் இருந்தது.

கை நீட்ட முடியாத இடத்தில்

எல்லாம் அழகாகத்தான் இருந்தன என்று சொன்னால் அது பொய். கேம்பிரிட்ஜில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள்.

அங்கே புரொக்டர்கள் மாணவர் ஒழுங்கைக் கவனித்தவர்கள். இரவில் அங்கி அணிந்து, ‘புல்டாக்’ என்று மாணவர்கள் பட்டப்பெயர் வைத்த காவலர்களோடு தெருக்களைச் சுற்றி வருவார்கள். அவர்களுக்கு இன்னோர் அதிகாரமும் இருந்தது. மாணவரோடு நடந்து போகும் ஊர்ப் பெண் ஒருவர் மீது ‘சந்தேகம்’ வந்தால் அவரைப் பிடித்துப் போகலாம். துணைவேந்தரே நீதிபதி. பல்கலைக்கழகத்துக்கென்று ‘ஸ்பின்னிங் ஹவுஸ்’ என்ற பெயரில் ஒரு சிறை இருந்தது.

1891இல் டெய்சி ஹாப்கின்ஸ் என்ற 17 வயதுப் பெண்ணை அப்படிப் பிடித்தார்கள். அவர் மீது எழுதப்பட்ட குற்றம், ‘பல்கலைக்கழக உறுப்பினர் ஒருவரோடு நடந்து சென்றது’. 14 நாள் சிறை. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எழுதப்பட்டிருப்பது குற்றமே அல்ல என்று நீதிபதிகள் தண்டனையை ரத்து செய்தார்கள். பெரிய சர்ச்சை எழுந்தது. 1894இல் சட்டம் இயற்றி அந்த அதிகாரத்தைப் பறித்தார்கள். 1901இல் சிறைக் கட்டடத்தையும் இடித்தார்கள்.

கவனியுங்கள். அதே அங்கி, அதே லத்தீன், அதே பழம்பெருமை. ஆனால் டெய்சி அந்தப் பல்கலைக்கழகத்தின் உறுப்பினர் அல்லர். புரொக்டரைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கு இல்லை. புகார் சொல்ல அங்கே அவருக்கு ஓர் அலுவலகம் இல்லை. பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றுப் பட்டம் கொடுக்கவே கேம்பிரிட்ஜ் 1948 வரை எடுத்துக்கொண்டது. கேள்வி கேட்க வழி இல்லாதவர் முன்னால் நிற்கும்போதுதான் ஓர் அதிகாரியின் உண்மை நிறம் தெரிகிறது. அங்கி யாரையும் நல்லவராக்குவதில்லை. பதில் சொல்ல வேண்டிய கடமைதான் ஒரு பதவியை நேர்மையாக வைத்திருக்கிறது.

இன்றும் வாழும் ஒரு பழைய பதவி

பொலோனியாவின் மாணவ ரெக்டர் மறைந்துவிட்டாலும் ஸ்காட்லாந்தில் அதன் சாயல் இருக்கிறது. கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆகிய பழைய பல்கலைக்கழகங்களில் ரெக்டரைத் தேர்ந்தெடுப்பதில் மாணவர்களுக்கு வாக்கு உண்டு. நிர்வாகக் குழுவின் தலைமை நாற்காலியில் அமரும் உரிமை சட்டப்படி அவருக்குக் கிடைத்தது.

கிளாஸ்கோ மாணவர்கள் 1971இல் கப்பல் கட்டும் தளத் தொழிற்சங்கவாதி ஜிம்மி ரீடைத் தேர்ந்தெடுத்தார்கள். 1987இல் வின்னி மண்டேலாவைத் தேர்ந்தெடுத்தார்கள். தென்னாப்பிரிக்க இனவெறி அரசை எதிர்ப்பதற்கு அவர்கள் கண்ட வழி அது. எடின்பரோவில் 1972இல் மாணவர்கள் தங்களில் ஒருவரையே தேர்ந்தெடுத்தார்கள். 21 வயது மாணவர் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பெயர் கோர்டன் பிரவுன். பிற்காலத்தில் அவர் பிரிட்டனின் பிரதமரானார்.

ஸ்காட்லாந்தின் முறையை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. நம் சட்டங்கள் வேறு, வரலாறு வேறு. ஆனால் மாணவர் வாக்களித்தால் பல்கலைக்கழகம் இடிந்து விழுந்துவிடாது என்பதை அந்தப் பழைய சுவர்கள் காட்டுகின்றன. மாணவர் பேரவைத் தேர்தல் நாளில் விடுதியில் படுத்துத் தூங்குகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

என் நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “இந்த அங்கி, கோல் எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. நமக்கு எதுக்கு? எடுத்துப் போட்டுட வேண்டியதுதானே?” என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூடாரத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்த பாட்டி, அக்காவின் பெயர் வாசிக்கப்பட்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த ஒரு நிமிடத்துக்காகவாவது இந்த விழா வேண்டும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அக்கா. அவர் மேடையேறும்போது யாரோ ஒருவர் வெள்ளிக்கோல் ஏந்தி முன்னால் போகட்டும். அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் விழாவைப் பார்த்துக் கைதட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடக் கூடாது. எந்தப் பதவியைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இவரை யார் நியமித்தார்கள்? இவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? இவர் செய்தது சரியில்லை என்றால் நான் எங்கே போக வேண்டும்?

இடைநிலைப் பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இது பொருந்தும். உங்கள் பள்ளியில் மாணவர் தலைவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? கட்டொழுங்கு ஆசிரியர் கொடுத்த தண்டனை தவறு என்று நினைத்தால் மரியாதையோடு யாரிடம் சொல்லலாம்? உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடுபவர் யார்? இவற்றைத் தெரிந்துகொள்வது எதிர்த்துப் பேசுவதாகாது.

பல்கலைக்கழக மாணவர்கள் முதல் வாரத்திலேயே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. அறிமுக வாரத்தில் கையேடு ஒன்று தருவார்கள். பெரும்பாலும் அது அலமாரிக்கு அடியில் போய்விடும். அதில் மறுபரிசீலனை, புகார், கட்டணத் தள்ளிவைப்பு ஆகிய மூன்றையும் கண்டுபிடித்து, எந்த அலுவலகம், எத்தனை நாள் அவகாசம் என்று கைப்பேசியில் குறித்து வையுங்கள். வகுப்புப் பிரதிநிதியாக இருந்தால் குழுவில் அனுப்புங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். என் தோழிக்கு அன்று நான் செய்யத் தவறியது அது.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். எங்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். உங்கள் பதவிகளின் பெயர்கள் எங்களுக்கு அரண்மனைக் கதவு போலத் தெரிகின்றன. அறிமுக வாரத்தில் பதிவாளர் ஐந்து நிமிடம் வந்து, ‘ஏட்டில் பிழை இருந்தால் என்னிடம் வாருங்கள்’ என்று சொன்னால் போதும். எங்கள் பயம் பாதி குறைந்துவிடும்.

கடந்த பொங்கலுக்குப் பாட்டியிடம் பெடல் கதையைச் சொன்னேன். வகுப்பறையைப் பெருக்கியவர்தான் பிற்காலத்தில் வெள்ளிக்கோல் ஏந்தினார் என்றதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க தோட்டத்துல பெரட்டுக்கு முன்னால நின்னவரு கிராணி. அவரு பேரேட்டுல பேரு எழுதலேன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. தப்பா எழுதிட்டாக்கூட நாங்க கேக்க மாட்டோம்யா. பயம்.”

சற்று நிறுத்திவிட்டு, “நீங்க கேளுங்க” என்றார்.